தலைமடையில் வைக்க வேண்டிய கடிகாரம்: ஆய்வகக் கணினிக்கு நுண்ணிய டைமர் தேர்ந்தெடுத்த கதை

தஞ்சாவூர் வீணைக்கு வேண்டிய பலா மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. கட்டை வந்து இறங்கியதும், உளியை எடுப்பதற்கு முன்பாக, ஆசாரி அதை விரல் முட்டியால் இரண்டு மூன்று இடங்களில் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். குடம் எந்தப் பக்கம், தண்டி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படி ஒரு பட்டறையில், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு கட்டைகளைக் காட்டி, “இது பேசும் தம்பி, அது வாயே தெறக்காது” என்று அவர் சொன்னபோது, அந்த வேறுபாட்டை ஓர் எண்ணாகப் பிடிக்க முடியுமா என்று பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. தஞ்சாவூருக்கு அருகே ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் கணினிகளையும் கருவிகளையும் கவனித்துக்கொள்வது என் வேலை. கட்டையின் ஒரு முனையில் தட்டி, அந்த அதிர்வு மறுமுனைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதே திட்டம். அதற்காக ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்த கணினியோடு நுண்ணிய நேரம் அளக்கும் டைமர் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் பார்த்த வழிகளை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

தேவை எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் கருவிகளின் விலைப்பட்டியலைப் புரட்டத் தொடங்கினால் பணம்தான் கரையும். மரத்தில் நார் ஓடும் வாக்கில் ஒலி பொதுவாக நொடிக்கு 3,000 முதல் 5,000 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நாருக்குக் குறுக்கே அந்த வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டையில் வேகம் 4,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பயண நேரம் 100 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மரத்தின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தைப் பெற, அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்பதால், நேரத்தில் 1 சதவீதம் பிழை வந்தால் விறைப்பில் 2 சதவீதம் பிழை வரும். அருகருகே இருக்கும் இரண்டு பலாக் கட்டைகளை வேறுபடுத்திச் சொல்ல வேண்டுமானால் நேரப் பிழை அரை சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஆகவே எங்களுக்கு வேண்டியது அரை மைக்ரோ நொடியை நம்பி அளக்கக்கூடிய ஒரு கருவி. இந்த ஒரு எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு வந்த ஒவ்வொரு வழியையும் அதன் எதிரே நிறுத்தித்தான் பார்த்தோம்.

கணினிக்குள் ஏற்கெனவே டைமர்கள் இல்லாமல் இல்லை; சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக் கணினியிலேயே 8253 என்ற டைமர் சில்லு இருந்தது. தொலைக்காட்சி வண்ணச் சைகைக்காகப் பெருமளவில் தயாரான 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் மலிவாகக் கிடைத்ததால் அதையே வைத்து, பன்னிரண்டால் வகுத்து, 1.193182 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சில்லை ஓட்டினார்கள். அதன் ஒரு துடிப்பு 838 நானோ நொடி (ஆயிரம் நானோ நொடி சேர்ந்தால் ஒரு மைக்ரோ நொடி). அந்த விசித்திர எண் இன்றைய மதர்போர்டுகளிலும் பழைய வழக்கமாகத் தொடர்கிறது. அதே படிகத்தை நான்கால் வகுத்து 3.579545 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மின்மேலாண்மை டைமர் ஒன்று உண்டு. அதன் துடிப்பு 279 நானோ நொடி. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த ஹெச்பெட் என்ற டைமர், குறைந்தது 10 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பெரும்பாலும் அந்தப் பழைய 14.318 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது, துடிப்பு சுமார் 70 நானோ நொடி. இவை எல்லாவற்றுக்கும் மேலே, 1993இல் பென்டியம் சிப்போடு வந்த டிஎஸ்சி என்ற எண்ணி இருக்கிறது. சிப்பின் கடிகாரத் துடிப்பையே அது எண்ணுவதால் அதன் பிரிதிறன், அதாவது அது பிரித்துக்காட்டும் மிகச் சிறிய நேரம், நானோ நொடிக்கும் கீழே. ஆரம்ப காலத்தில் சிப்பின் வேகம் மாறும்போதெல்லாம் இதன் ஓட்டமும் மாறிக்கொண்டிருந்தது. ஒரே கணினியின் இரண்டு கோர்கள் இரண்டு நேரம் சொன்ன காலமும் உண்டு. இப்போதைய சிப்புகளில் அது ஒரே சீராக ஓடுகிறது. லினக்ஸும் கேட்காமலேயே அதைத்தான் தன் கடிகார மூலமாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் நேரம் கேட்கும் உயர்பிரிதிறன் வழி இப்போது பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறது. அதாவது 100 நானோ நொடி.

இவற்றைப் படித்த எவருக்கும் ஒரு கேள்வி எழும்; எங்கள் துறைத்தலைவருக்கும் எழுந்தது. அரை மைக்ரோ நொடிதான் வேண்டும் என்றால், நானோ நொடிக் கணக்கில் எண்ணும் கடிகாரம் சிப்புக்குள்ளேயே இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு? செலவுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் கேட்கும் நியாயமான கேள்விதான் இது. அதற்கு நான் ஆற்றுநீர்க் கணக்கை வைத்தே விடை சொன்னேன்.

மேட்டூரில் மதகு திறக்கும் நேரத்தை அங்கே நிற்பவர் குறித்துக்கொண்டால் அது திறந்த நேரம். கடைமடையில் நிற்பவர் தன் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிய நேரத்தைக் குறித்தால், அவர் கையில் எவ்வளவு உயர்ந்த கடிகாரம் இருந்தாலும், அது வந்து சேர்ந்த நேரம். இடையில் கல்லணையில் எத்தனை நாள் நிறுத்தினார்கள், எந்த மதகில் முறை வைத்தார்கள் என்பதெல்லாம் அதற்குள் கலந்திருக்கும். டிஎஸ்சி என்பது கடைமடையில் நிற்பவர் கையிலிருக்கும் மிக உயர்ந்த கடிகாரம். உணரியில் எழும் மின்துடிப்பு, கேபிள் வழியாகக் கணினியின் ஏதோ ஒரு முனைக்கு வந்து, குறுக்கீடாக மாறி, இயங்குதளம் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, ட்ரைவரை எழுப்பி, நம் நிரலுக்குத் தகவல் சொல்லி, நிரல் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்க்கிறது. இந்த வழியில் ஏற்படும் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு முறை 5 மைக்ரோ நொடியாகவும் அடுத்த முறை 50 ஆகவும், பின்னணியில் ஏதேனும் அப்டேட் ஓடினால் அதற்கும் மேலாகவும் ஆகும். யூஎஸ்பி வழியாக வந்தால் கேட்கவே வேண்டாம்: அதன் சாதாரண வேகத்தில் 1 மில்லி நொடிக்கு ஒரு முறையும், உயர் வேகத்தில் 125 மைக்ரோ நொடிக்கு ஒரு முறையும்தான் வண்டி கிளம்பும். எங்கள் கட்டையில் ஒலி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்கே 100 மைக்ரோ நொடிதான் ஆகிறது. எனவே நாங்கள் விலைகொடுத்து வாங்க வேண்டியது, நிகழ்வு நடக்கும் இடத்திலேயே, மென்பொருளின் தயவு இல்லாமல், நேரத்தைக் குறித்துவிடும் ஒரு சுற்று. இது புரிந்த பிறகு ஒப்பீடு பாதி சுலபமாகிவிட்டது.

காசு செலவில்லாத வழிகளை முதலில் முயன்றோம். ஆய்வகத்தில் ஒரு பழைய கணினியில் பிரின்டர் மாட்டும் இணைத்துறை இன்னும் இருந்தது. அதன் முனையை நிரல் விடாமல் படித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு வாசிப்புக்கும் ஏறத்தாழ 1 மைக்ரோ நொடி ஆகும். அதுவே எங்கள் வரம்பைப் போல இரு மடங்கு. அதோடு, இயங்குதளத்துக்கே தெரியாமல், மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரல் எழுப்பும் குறுக்கீடுகள் நடுவில் புகுந்து, எப்போதாவது ஓர் அளவை மட்டும் முழுக்கக் கெடுத்துவிடும். நிகழ்நேர லினக்ஸ் இதைச் சரிசெய்யும் என்று மாணவர் ஒருவர் சொன்னார். அந்த வசதி பல ஆண்டுகள் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒட்டு நிரலாக (பேட்ச்) இருந்து, 2024இல் வெளிவந்த 6.12 பதிப்பில் லினக்ஸின் மையமான முதன்மைக் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, நல்ல செய்திதான். ஆனால் அது தாமதத்துக்கு ஒரு மேல்வரம்பு கட்டித் தருகிறதே தவிர, அந்த வரம்பு இன்னமும் மைக்ரோ நொடிகளில் பத்துக் கணக்கில்தான் இருக்கிறது. மோட்டார் ஓட்டுவதற்கும் ரோபோ கை அசைப்பதற்கும் அது போதும். எங்களுக்குப் போதாது.

சவுண்டு கார்டு இந்த வரிசையில் சேர வேண்டிய கருவியா என்று சிலர் நினைக்கலாம். என் கருத்தில் அதுதான் கணினியில் எல்லோரும் மறந்துவிடும் நல்ல டைமர். இரண்டு சேனல்களையும் ஒரே படிகத் துடிப்பு ஓட்டுவதால், இடப்பக்கச் சேனலில் முதல் உணரியையும் வலப்பக்கச் சேனலில் இரண்டாவது உணரியையும் இணைத்துப் பதிவுசெய்தால், பதிவு கணினிக்குள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் இரண்டுக்கும் இடையிலான நேரம் மாறாது. அதாவது நேரம் தலைமடையிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மாதிரிகளுக்கு இடையே 20.8 மைக்ரோ நொடி; 192 கிலோஹெர்ட்ஸில் 5.2 மைக்ரோ நொடி. இரண்டு அலைவடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்து, மாதிரிகளுக்கு நடுவே இடைமதிப்புக் கணக்கிட்டால் இன்னும் நெருங்கலாம். அப்படிச் செய்தும், ஒரே கட்டையைப் பத்து முறை தட்டியதில் விடைகள் மூன்று நான்கு மைக்ரோ நொடி அகலத்தில் சிதறின. வீணைக் கட்டைக்கு அது ஆகவில்லை. ஆனால் இசைத்துறையிலிருந்து வந்த ஒரு மாணவி மிருதங்கச் சொற்களுக்கு இடையிலான காலத்தை அளக்க வேண்டும் என்று கேட்டபோது, வேறு எதையும் வாங்காமல் அந்தச் சவுண்டு கார்டையே எடுத்துக்கொடுத்தேன். தாளத்தின் ஓர் அட்சரத்துக்கு ஒரு நொடி என்ற காலப்பிரமாணத்தில் எட்டுச் சொல் விழுந்தால் சொல்லுக்குச் சொல் 125 மில்லி நொடி. அதற்கு 20 மைக்ரோ நொடிப் பிரிதிறன் தாராளம்.

அடுத்தது, மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் எண்ணிக் கார்டு. முறைப்படி ‘கணினிக்கு டைமர் சேர்ப்பது’ என்றால் பலர் மனத்தில் வருவது இதுதான். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 6602 என்ற பழைய பிசிஐ கார்டில் 32 பிட் எண்ணிகள் எட்டு உண்டு. அவை 80 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, ஒரு துடிப்பு 12.5 நானோ நொடி. தொடக்கத் துடிப்பு எண்ணியை ஓடவைக்கும், முடிவுத் துடிப்பு நிறுத்தும்; இடையில் மென்பொருளுக்கு வேலையே இல்லை. பல வாயில்களை ஒரே நேரத்தில் எண்ணுவதற்கும், ஆண்டுக்கணக்கில் ஓயாமல் ஓடுவதற்கும், லேப்வியூ போன்ற நிரல்களோடு நேரே பேசுவதற்கும் இதற்கு இணை இல்லை. விலைதான் இடிக்கிறது, புதிதாக வாங்கினால் பல பத்தாயிரம் ரூபாய். அதனால் நாங்கள் பழைய சாமான் விற்கும் ஒரு கடையிலிருந்து இரண்டாம் கை கார்டு ஒன்றை வரவழைத்தோம். அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றே இரண்டு தவறுகள் தெரிந்தன. கார்டு பழைய பிசிஐ வகை. எங்கள் கணினியில் இருப்பதெல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள், பல் வரிசையே வேறு. நான் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். “எல்லா சிஸ்டத்துலயும் சேரும் சார்” என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது என் பிழை. இன்னொன்று, டெல்டாவின் மழைக்கால ஈரத்தில் எங்கேயோ பல ஆண்டுகள் கிடந்ததால், கார்டின் பொன்முலாம் பூசிய பற்களில் பச்சை படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, பழைய கணினியில் செருகியபோது அது உயிரோடுதான் இருந்தது. லினக்ஸில் உள்ள கொமெடி ட்ரைவர் அதை அடையாளமும் கண்டுகொண்டது. ஆனால் அந்தப் பழைய கணினி தினமும் ஒரு முறையாவது அணைந்துபோகும் நிலையில் இருந்ததால், ஒரு கார்டை வாழவைக்க இன்னொரு கணினியைச் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. புதிய எக்ஸ்பிரஸ் கார்டு வாங்க நிதி இருக்கும் ஆய்வகத்துக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். எங்களுக்கு அந்த நிதி இல்லை.

மீதமிருந்தது மைக்ரோகன்ட்ரோலர் பலகை, அதாவது ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியைத் தாங்கிய பலகை. கணினிக்கு வெளியே, மேசைமேல், உணரிகளுக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்துகொள்ளும். நேரத்தை அளந்து முடித்த பிறகு விடையை மட்டும் யூஎஸ்பி வழியாக அனுப்பும். விடை ஒரு மில்லி நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை. மாணவர்கள் எல்லோரிடமும் இருக்கும் அர்டுயினோ ஊனோவில் தொடங்கினோம். 16 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்பு 62.5 நானோ நொடி. வெளியிலிருந்து வரும் துடிப்பின் விளிம்பை வன்பொருளே பிடித்து அப்போதைய எண்ணைப் பதிவுசெய்துகொள்ளும் வசதியும் உண்டு. கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஊனோ பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் அதிலிருக்கும் வெள்ளிநிற நீள்வட்டப் படிகத்தைக் கண்டு ஏமாந்துவிடுகிறார்கள். அது யூஎஸ்பி சில்லுக்கு உரியது. நம் நிரல் ஓடும் முதன்மைச் சில்லுக்கு அசல் ஊனோவில் கொடுத்திருப்பது, படிகத்துக்குப் பதிலாகத் துடிப்பைத் தரும் செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். 100 மைக்ரோ நொடியில் அரை சதவீதம் என்றால் அரை மைக்ரோ நொடி. நாங்கள் கரும்பலகையில் எழுதிய அனுமதி முழுவதையும் அந்தச் சிறு பாகம் ஒன்றே தின்றுவிடும். நல்ல குவார்ட்ஸ் படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 30, 50 என்ற அளவில்தான் இருக்கும். பிரிதிறன் நுண்ணியதாக இருந்தும் துல்லியம் இல்லாமல் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மிகச் சிறிய கோடுகள் போட்ட, ஆனால் சற்றே நீண்டுபோன அளவுகோல் அது.

அதன் பிறகு 2021இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவுக்கு வந்தோம். விலை ஐநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்திலிருந்து 125 மெகாஹெர்ட்ஸை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு துடிப்பு 8 நானோ நொடி. இதில் எங்களைக் கவர்ந்தது, முதன்மைச் செயலியைச் சாராமல் தனியே ஓடும் எட்டுச் சிறு நிலைப்பொறிகள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கட்டளைகள் எழுதினால் போதும்: முதல் முனையில் மின்னழுத்தம் உயரும் வரை காத்திரு, உயர்ந்ததும் எண்ணத் தொடங்கு, இரண்டாம் முனை உயர்ந்ததும் நிறுத்தி எண்ணைக் கொடு. எண்ணும் சுற்றுக்கு இரண்டு கட்டளைகள் ஆவதால் உண்மையான பிரிதிறன் 16 நானோ நொடி. எங்கள் அரை மைக்ரோ நொடியில் முப்பதில் ஒரு பங்கு. குறுக்கீடு இல்லை, இயங்குதளம் இல்லை. ஒரே துடிப்பைப் பிரித்து இரண்டு முனைகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது விடை ஓர் எண்கூட ஆடவில்லை.

இதன் பலவீனம் மின்னழுத்தத்தில் இருக்கிறது. பிக்கோவின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் உணரியான பீசோ வட்டைச் சுத்தியலால் தட்டினால் சில பத்து வோல்ட் கணத்தில் எழும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் முதல் நாள் அவசரத்தில் நேரே இணைத்துத் தட்டினேன். பலகை அதன் பிறகு கணினியோடு பேசவே இல்லை. பட்டறையில் ஆசாரி சொன்ன “வாயே தெறக்காது” என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது.

கடைசியாக, பல முனைகளில் மின்னழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்துப் பதிவுசெய்யும் மலிவான லாஜிக் அனலைசரைப் பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு 2.4 கோடி மாதிரி எடுக்கும் எட்டுச் சேனல் பெட்டிகள் எளிதில் கிடைக்கின்றன. பிரிதிறன் 42 நானோ நொடி. ஒரு முறை பார்த்துவிட்டு மூடி வைக்கும் சோதனைக்கு அருமையான கருவி. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான தட்டுகளை அளந்து எழுத வேண்டிய வேலைக்கு, தேவையற்ற மாதிரிகளைக் கோடிக்கணக்கில் சேமித்துத் தேட வேண்டியிருப்பதால், அது தோதுப்படாது.

இந்த இடத்தில் எங்கள் துறையில் ஒரு வாதம் நடந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிடிசி7200 போன்ற நேர அளவைச் சில்லுகள் 55 பிக்கோ நொடிப் பிரிதிறனோடு கிடைக்கின்றன. ஒரு நானோ நொடியைப் பதினெட்டாகப் பிரிக்கும் அளவு. விலையும் எட்டாததல்ல. அதையே வாங்கிவிட்டால் இனி எந்தச் சோதனைக்கும் குறை வராதே என்றார் ஒருவர். லேசர் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பவருக்கும், குழாயில் ஓடும் நீரின் வேகத்தை மீயொலியால் அளக்கும் மீட்டர் செய்பவருக்கும் அது தேவைதான். எங்கள் மேசையில் அது நெல் மூட்டையை நகைக்கடைத் தராசில் நிறுப்பது போல. மூட்டைச் சாக்கின் ஈரமே எத்தனையோ கிராம் இருக்கும்போது மில்லிகிராம் எண்ணி என்ன பயன்?

அந்தச் சாக்கின் ஈரம் எங்கள் வேலையில் எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாட்கள் ஆயின. மறுமுனைக்கு வந்து சேரும் அதிர்வு, கத்தியால் வெட்டியது போல் செங்குத்தாக எழும் துடிப்பு அல்ல. மெல்ல எழுந்து, ஏறி, இறங்கும் அலை. மரச் சோதனைக்கும் கான்கிரீட் சோதனைக்கும் வழக்கமாகப் பயன்படும் 54 கிலோஹெர்ட்ஸ் மீயொலி உணரியை எடுத்துக்கொண்டால், ஓர் அலையின் காலமே 18.5 மைக்ரோ நொடி. அலை ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டும் கணத்தை நாம் ‘வந்துசேர்ந்த நேரம்’ என்று எடுத்துக்கொள்கிறோம். உணரியைச் சற்று இறுக்கி அழுத்தினால் அலை பெரிதாகி அந்தக் கோட்டைச் சீக்கிரம் தாண்டும். தளர்த்தினால் தாமதமாகத் தாண்டும். கால் அலை வேறுபாடு என்றாலே நாலரை மைக்ரோ நொடி போய்விட்டது. 16 நானோ நொடிப் பிரிதிறனோடு 4,600 நானோ நொடித் தவறை அழகாக அளந்துகொண்டிருந்தோம்.

ஆகவே டைமருக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்ததை அதன் முன்வாசலுக்குச் செலவழித்தோம். சைகை அந்தக் குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டியதைச் சொல்வது ஒப்பீட்டுச் சில்லு. முதலில் வைத்திருந்த எல்எம்393, மெலிந்த சைகைக்குப் பதில் சொல்ல 1.3 மைக்ரோ நொடி எடுத்துக்கொள்ளும். சைகை வலுத்தால் விரைவாகச் சொல்லும். இந்த ஏற்றத்தாழ்வே எங்கள் அனுமதியை மீறியது. அதை எடுத்துவிட்டு, 200 நானோ நொடியில் பதில் சொல்லும் எல்எம்311ஐ வைத்தோம். இதன் வெளியீட்டை 3.3 வோல்ட்டோடு ஒரு தடையத்தால் கட்டிவிடலாம் என்பதால் பிக்கோவுக்கும் பாதுகாப்பு. உணரிக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு பெருக்கியும், மின்னழுத்தம் எகிறாமல் தடுக்க இரண்டு டயோடுகளும் போட்டோம். உணரிகளை விரலால் அழுத்துவதை நிறுத்தி, ஒரே எடைக்கல்லை ஒவ்வொரு முறையும் மேலே வைக்கும்படி ஒரு மரச்சட்டம் செய்தோம். விடைகளின் சிதறல் ஒரேயடியாகச் சுருங்கியது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். டைமரை மாற்றிய எந்த நாளிலும் அவ்வளவு முன்னேற்றம் தெரியவில்லை.

இன்னொரு தொல்லை, இந்த ஊருக்கே உரியது. கல்லூரிக்குப் பின்னால் வயல்கள். குறுவைப் பருவத்தில் மும்முனை மின்சாரம் வந்ததும் பம்புசெட்டுகள் வரிசையாகக் கிளம்பும். அந்தக் கணத்தில் மின்கம்பியில் எழும் துள்ளல் எங்கள் உணரிக் கேபிளுக்குள் புகுந்து, யாரும் தட்டாமலேயே டைமரை ஓடவைத்துவிடும். கவசமிட்ட கேபிளுக்கு மாறி, பெருக்கியை ஒரு மின்கலத்தில் ஓட்டியதும் அது நின்றது. கணினிப் பெட்டிக்குள் ஸ்லாட்டில் செருகிய கார்டாக இருந்தால் இப்படித் தனியே பிரித்து வைப்பது கடினம். வெளியே உட்காரும் பலகைக்கு இது ஒரு கூடுதல் ஆதாயம்.

டைமர் சொல்வது உண்மைதானா என்று சோதிக்க ஒரு மீட்டர் நீள அலுமினியக் கம்பி ஒன்றை வாங்கினோம். அலுமினியத்தின் யங் குணகமும் அடர்த்தியும் தெரிந்தவை என்பதால், மெல்லிய கம்பியில் ஒலி நொடிக்குச் சுமார் 5,100 மீட்டர் செல்லும் என்று கணக்கிடலாம். ஒரு மீட்டருக்கு 196 மைக்ரோ நொடி. உணரியும் பெருக்கியும் சேர்க்கும் நிலையான தாமதத்தை நீக்க, அதே கம்பியில் அரை மீட்டர் வெட்டி அதையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மரக்கட்டைகளிலும் இதே முறைதான். ஆனால் வீணைக்கு உரிய கட்டையை நடுவில் வெட்ட எந்த ஆசாரியும் சம்மதிக்க மாட்டார் என்பதால், இரண்டாம் உணரியைக் கட்டையின் பக்கவாட்டில் நகர்த்தி வைத்து அளக்கிறோம்.

படிகத்தின் பிழையைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். பத்து லட்சத்தில் 50 என்ற பிழை, 100 மைக்ரோ நொடியில் 5 நானோ நொடி மட்டுமே. சித்திரை வெயிலில் ஆய்வகம் பத்து டிகிரி சூடேறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அதே பிழை ஒரு நாள் முழுவதும் ஓடினால் 4.32 நொடி. எனவே, குறுகிய இடைவெளியை அளப்பவருக்குச் சாதாரணப் படிகமே போதும். நீண்ட நேரம் அளப்பவரும், இரண்டு ஊர்களில் உள்ள கருவிகளை ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டியவரும்தான் ஜிபிஎஸ் பக்கம் போக வேண்டும். ஜிபிஎஸ் ஏற்பிகள் நொடிக்கு ஒரு துடிப்பைச் சில பத்து நானோ நொடித் துல்லியத்தில் தருகின்றன. டெல்டாவின் சமதரையில் வானம் மறைவதில்லை என்பதால் ஆன்டெனாவுக்கு இடம் தேட வேண்டியதும் இல்லை. அந்தத் துடிப்பை எங்கே கொடுப்பது என்பதில் மட்டும் முன்பு சொன்ன கதைதான்: கணினியின் சீரியல் இணைத்துறையில் கொடுத்தால் கணினிக்குள் குறுக்கீடாகி மைக்ரோ நொடிகளில் தள்ளாடும், இன்டெல் ஐ210 போன்ற, வன்பொருளிலேயே நேரம் குறிக்கும் நெட்வொர்க் கார்டின் முனையில் கொடுத்தால் தள்ளாட்டம் நானோ நொடிகளுக்கு இறங்கும். நாகப்பட்டினம் கரையிலும் தஞ்சாவூரிலும் ஒரே இடிமின்னலைப் பதிவுசெய்ய நினைப்பவருக்கு இது கட்டாயம். எங்களுக்கு ஜிபிஎஸ் ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டது. அதன் அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு நடுவே பிக்கோவின் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணவைத்தால், 125,000,000 என்பதற்குப் பதிலாக 125,001,500 என்று வரலாம். அப்போது அந்தப் பலகையின் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 12 அதிகமாக ஓடுகிறது என்று பொருள். பலகையின் பின்புறம் அந்த எண்ணை ஒட்டிவிடலாம்.

முடிவில் மேசையில் நிலைத்தது பிக்கோ பலகை ஒன்று, அதற்கு மாற்றாக இன்னொன்று, எல்எம்311 இரண்டு, எடைக்கல்லும் மரச்சட்டமும். இதற்கான முழுச் செலவும், நாங்கள் ஏமாந்து வாங்கிய அந்தப் பழைய கார்டின் விலையைத் தொடவில்லை. எட்டு உணரிகளை ஒரே நேரத்தில் ஒரு முழு வீணைக் குடத்தின் மேல் ஒட்டிப் பார்க்கும் திட்டம் ஒன்று அடுத்த ஆண்டுக்கு இருக்கிறது. அதற்கு நிதி கிடைத்தால் எக்ஸ்பிரஸ் எண்ணிக் கார்டை மறுபடியும் பரிசீலிக்கலாம் என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன், இம்முறை ஸ்லாட்டின் வகையை முதல் வரியிலேயே குறிப்பிட்டு. அந்த இரண்டு பலாக் கட்டைகளையும் ஐப்பசி மழையில் ஒரு முறை அளந்தோம். மரத்தில் ஈரம் ஏறினால் ஒலியின் வேகம் குறையும் என்பதால் அந்த எண்களை ஆசாரியிடம் இன்னும் காட்டவில்லை. பங்குனியில் கட்டை நன்றாகக் காய்ந்த பிறகு, அதே சட்டத்தில், அதே எடைக்கல்லை வைத்து மறுபடி அளக்க வேண்டும்.